வரிசையில் கடைசி வண்டி

வாரம் ஆறு நாளும் மேலேயும் கீழேயும் போய்வருகிற மனுஷன், ஏழாவது நாளாவது கொஞ்சம் முன்னால் போக வேண்டாமா? பழைய கார் எதற்கு என்று யார் கேட்டாலும் லிஃப்ட்காரர் இதைத்தான் சொல்வார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். அவருக்கு அது நிஜம்.

லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். முப்பத்தாறு வருடமாக அதே வேலை. பெரிய பெரிய கட்டடங்களில், நின்றுபோன லிஃப்ட் பெட்டியின் தலைமேல் டார்ச் லைட்டோடு உட்கார்ந்திருப்பார். கம்பிக் கயிறு, கிரீஸ் வாசனை, இருட்டு. பக்கத்து லிஃப்டில் போகிறவர்களுக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் இருப்பது தெரியாது. யார் வீட்டில் சண்டை, யாருக்குக் காய்ச்சல், யார் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள், எல்லாம் அரைகுறையாக அவர் காதில் விழும். முழுசாக ஒன்றும் விழாது. அதற்குள் அவர்களுடைய மாடி வந்துவிடும். சாயங்காலம் வெளியே வந்து வெயிலைப் பார்த்தால், வேறு எங்கேயோ பிறந்து வந்தது மாதிரி கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருப்பார்.

கார் அவரிடம் வந்ததே ஒரு லிஃப்டால்தான். பதினாலு வருடத்துக்கு முன்னால் ஒரு பல் டாக்டர் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். ஊரையே வாயைத் திறக்க வைக்கிறவர், அன்றைக்குத் தன் வாயை மூட முடியாமல் கத்தினார். லிஃப்ட்காரர் மேலே ஏறி உட்கார்ந்து, காற்று ஓட்டை வழியாகப் பேச்சுக் கொடுத்தார்.

"சார், கதவு பூட்டு இறுகிக்கிச்சு. ஒரு மணி நேரம் ஆகும். வெளிய வந்ததும் முதல்ல என்ன பண்ணுவீங்க, அதைச் சொல்லுங்க."

"கார் ஓட்டுவேன்யா! மேல கூரை இல்லாத கார் வச்சிருக்கேன். மூடின வண்டியில இனி ஏறவே மாட்டேன்!"

அப்படி ஆரம்பித்த பேச்சு ஒன்றரை மணி நேரம் ஓடியது. டாக்டரிடம் இரண்டு கார்கள். இரண்டுமே அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. ஒன்று கூரை இல்லாதது. இன்னொன்று கட்டடத்தின் அடித்தளத்தில் துணி போர்த்திக் கிடந்தது. கதவு திறந்து வெளியே வந்ததும் டாக்டர் அந்தத் துணியை உருவினார். பாசிப் பச்சை நிறம், உருண்டை முதுகு, தலையை உள்ளே இழுத்துக்கொண்ட மாதிரி சின்ன முகப்பு.

"எடுத்துட்டுப் போய்யா. நீ ஓட்டினாதான் இது ஓடும். இல்லன்னா இங்கயே சமாதிதான்."

வீட்டு வாசலில் அதைக் கொண்டுவந்து நிறுத்தியபோது மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சொல்லுவாங்க. அதுவா புகுந்தாலாவது விதின்னு விட்டுடலாம். நீங்க கயித்தைக் கட்டி இழுத்துட்டு வந்திருக்கீங்களே!" அன்றிலிருந்து வண்டிக்குப் பெயர் ஆமை.

டாக்டர்தான் பழைய இங்கிலாந்துக் கார் சங்கத்துக்குத் தலைவர். மொத்தம் ஒன்பது வண்டி. மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை டாக்டர் வீட்டுக் கொட்டகையில் கூடுவார்கள். வந்தவுடன் ஒன்பது பேரும் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, ஒவ்வொரு வண்டியாகப் போய் உள்ளே பார்ப்பார்கள். கால் மணி நேரம் யாரும் பேசமாட்டார்கள். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. அப்புறம் யாராவது "ம்ம்" என்பார்கள். இன்னொருவர் "அதேதான்" என்பார். அவ்வளவுதான் கூட்டம். அந்த வண்டிகளின் நட்டும் போல்ட்டும் இங்கே கடையில் விற்கிற ஸ்பேனர் எதற்கும் அடங்காது. அதற்கென்று அங்குலக் கணக்கில் ஒரு ஸ்பேனர் பெட்டி சங்கத்துக்குப் பொதுவாக இருந்தது. ஒருவர் வண்டிக்கடியில் எண்ணெய் சொட்டினால் மற்றவர்கள் கவலைப்படமாட்டார்கள். சொட்டாவிட்டால்தான், "ஐயையோ, உள்ள எண்ணெய் இருக்கா பாருப்பா" என்பார்கள்.

முதல் ஞாயிறு உல்லாசப் பயணம். ஒரு தடவை சூரியகாந்தி வயல் பார்க்கப் போய், பூவெல்லாம் இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க, அதையே ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒரு தடவை மலை உச்சிக்குக் கிளம்பி, வழியில் பனி இறங்கி, மலையே காணாமல் போய்விட்டது. பனிக்குள் ஒன்பது விளக்கு ஜோடிகள் மெதுவாக மிதந்து போனதைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். எங்கே போய்ச் சேர்ந்தோம் என்று மட்டும் யாருக்கும் ஞாபகம் இல்லை. பேக்கரிக்காரர் எப்போதும் ஒரு கூடை நிறைய ரொட்டியும் அவித்த முட்டையும் கொண்டுவருவார். அந்தக் கூடை ஆமையின் டிக்கியில்தான் பயணம் செய்யும். அவர் வண்டியில் டிக்கியே கிடையாது.

சங்கத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. முன்னால் போகிற வண்டியைப் பற்றிக் கவலைப்படாதே, உனக்குப் பின்னால் வருகிற வண்டிக்கு நீ பொறுப்பு. கண்ணாடியில் பின்வண்டி தெரியவில்லையா? நின்றுவிட வேண்டும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்த் தேட வேண்டும். நீ நின்றால் உனக்கு முன்னால் போகிறவரும் நிற்பார், அவருக்கு முன்னால் இருப்பவரும் நிற்பார். இப்படியே வால் அசைந்தது தலை வரைக்கும் போய்விடும்.

வரிசையில் ஒன்பதாவதாக, கடைசியாக வருவது லிஃப்ட்காரர். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. ஸ்பேனர் பெட்டி, இழுவைக் கயிறு, தண்ணீர் கேன், முட்டைக் கூடை எல்லாம் அவரிடம். யார் நின்றாலும் அவரும் நிற்பார். யாரையும் தாண்டிப் போகமாட்டார். அவருக்கு முன்னால் எட்டாவதாகப் போவது ரிட்டயர்டு கணக்கு டீச்சர். பரீட்சை ஹாலில் பின்பெஞ்சைப் பார்த்த அதே கண்ணால் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிற அம்மா.

எட்டுப் பேருக்குப் பின்னால் போவதில் லிஃப்ட்காரருக்கு ஒரு சுகம் இருந்தது. வளைவில் திரும்பும்போது முன்னால் போகிற எல்லா வண்டியும் ஒரே சமயம் கண்ணில் படும். சிவப்பு, வெண்ணெய் நிறம், நீலம், சாம்பல். வெயில் ஒவ்வொரு முதுகாகத் தடவிக்கொண்டு கடைசியில் இவரிடம் வரும்.

எல்லாம் சரி. ஆனால் அந்த வண்டியின் பின்சீட்டு எட்டு வருடமாகக் காலியாக இருந்தது. அவருடைய ஒரே மகள் அதில் ஏறுவதில்லை.

எட்டு வருடத்துக்கு முன்னால், மகளுக்கு ஒரு பெரிய பரிசோதனைக் கூடத்தில் வேலைக்கு நேர்முகத் தேர்வு. பஸ்ஸில் போகிறேன் என்றுதான் சொன்னாள். இவர்தான், "பஸ் எதுக்கு? ராணி மாதிரி வாசல்ல இறக்கி விடறேன், வா" என்றார். வானம் கறுத்திருந்தது. "வண்டி நின்னுடுமாப்பா?" என்று கேட்டாள். "நிக்காது, நான் சொல்றேன்" என்றார். பாதி வழியில் மழை கொட்டியது. எஞ்சினுக்குள் தண்ணீர் போய், நாலு ரோடு சந்திப்பில் நட்ட நடுவில் ஆமை மூச்சை விட்டுவிட்டது. மகள் செருப்பைக் கையில் பிடித்து, சான்றிதழ் கோப்பைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது கதவைச் சாத்திவிட்டார்கள்.

ராத்திரி அவள் அழவில்லை. சண்டையும் போடவில்லை. "வண்டி முக்கியமா நான் முக்கியமான்னு கேக்கற ஆள் இல்லப்பா நானு. ஆனா இனி இதுல ஏற மாட்டேன். என்னைக் கூப்பிடாதீங்க" என்றாள். அப்புறம் வேறு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது. கல்யாணத்தன்றுகூட வேறு காரில்தான் போனாள். அப்பாவும் மகளும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள், ஒன்றாகச் சிரிப்பார்கள். ஆமையைப் பற்றி மட்டும் பேச்சு வராது. அவர் மழையைப் பற்றி ஒரு தடவைகூட அவளிடம் பேசியதில்லை. அதற்குப் பதிலாக, மனைவி பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையை எடுத்து, எஞ்சினில் மின்சாரம் பிரிகிற மூடிமேல் கவிழ்த்தார். நாலு விரலை வெட்டி நாலு வயர், கட்டை விரல் வழியாக ஒரு வயர். சொட்டுத் தண்ணீர் போகாது. மகளிடம் சொல்ல வேண்டியதை வண்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தார், பாவம்.

போன வியாழக்கிழமை மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தூக்கிக் காட்டினார்கள். சுருட்டி வைத்த கைக்குட்டை அளவு முகம். அவர் முப்பத்தாறு வருடமாக ஆயிரம் கதவு திறந்து மூடியதைப் பார்த்தவர். அந்தக் கண் இரண்டும் திறந்து மூடியதைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே ஆசை. இந்தக் குழந்தையின் முதல் பயணம் ஆமையில் இருக்க வேண்டும். ஆசைக்கு என்ன, அணை போட முடியுமா? ஆனால் கேட்க வாய் வரவில்லை. திங்கட்கிழமைதான் அனுப்புவார்கள் என்றார்கள். அதற்குள் கேட்டுவிடலாம் என்று தள்ளிப்போட்டார்.

ஞாயிறு வந்தது. முதல் ஞாயிறு. ஏரிக்குப் பயணம்.

"போயிட்டு வாங்க" என்றார் மனைவி. "இங்க உக்காந்து கண்ணாடியை மூச்சால மூடிட்டு இருக்கறதுக்கு, அந்த ஆமையோட போயிட்டு வாங்க. நாளைக்குத்தானே?"

காலைப் பனி, எல்லோரும் கூடியிருந்த பெட்ரோல் பங்கின் கூரையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது வண்டியும் ஒவ்வொன்றாக இருமிக்கொண்டு கிளம்பின. வாய்க்கால் ஓரமாகவே சாலை. தண்ணீரில் ஒன்பது வண்டியும் தலைகீழாகக் கூடவே வந்தன. எந்த வரிசை நிஜம், எந்த வரிசை நிழல் என்று பிரிக்க முடியாத ஒரு வெளிச்சம். லிஃப்ட்காரர் ஓட்டிக்கொண்டே கைக்குட்டை முகத்தை நினைத்துக்கொண்டிருந்தார். மூக்கு யார் மூக்கு? தன் மூக்காக இருந்தால் பாவம், இல்லையென்றால் ஏமாற்றம்.

ரயில் கேட் மூடியிருந்தது. எல்லோரும் நின்றார்கள். அப்போது போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, இன்னிக்கே அனுப்பறாங்களாம். படுக்கை வேணுமாம் அவங்களுக்கு. பதினோரு மணிக்குக் கிளம்பறோம். மாப்பிள்ளை வாடகைக் கார் சொல்லிட்டார். நீங்க ஏரியைப் பாத்துட்டு மெதுவா வாங்க."

பின்னால் குழந்தை வீல் வீலென்று கத்துவது கேட்டது.

"என்ன இப்படி அழுவுது?"

"மூணு நாளா இதேதான். ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல. இவளும் தூங்கல. கண்ணு ரெண்டும் உள்ள போயிடுச்சு. நான் வைக்கறேன்."

ரயில் போனது. ஜன்னல் ஜன்னலாக முகங்கள் ஓடின. கேட் தூக்கியதும் எட்டு வண்டி முன்னால் நகர்ந்தது. லிஃப்ட்காரர் நகரவில்லை. அப்புறம் நகர்ந்தார், ஆனால் நேராக இல்லை. கேட்டைத் தாண்டிய உடனே ஊருக்குள் போகும் வலது பக்கச் சாலையில் திருப்பினார். அந்த வண்டியில் திரும்புகிற விளக்கு கிடையாது. கதவுத் தூணிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் சின்னக் கை ஒன்று வெளியே நீளும். கை நீண்டது. திரும்பி முடித்த பிறகும் உள்ளே போகவில்லை. அதையும் அவர் கவனிக்கவில்லை.

வரிசையை விட்டுப் போகிறவர் முன்வண்டிக்குச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். பதினாலு வருடத்தில் அவர் மறந்ததே இல்லை. அன்றைக்கு மறந்தார். மகளிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, கணக்கு டீச்சர் ஞாபகம் எங்கிருந்து வரும்?

மருத்துவமனை வாசலில் காவல்காரர் கை காட்டி நிறுத்தினார். "ஐயா, முதல்ல உங்க கையை உள்ள போடுங்க."

"என் கை உள்ளதானே இருக்கு?"

"வண்டியோட கைங்க! வர்றவங்க போறவங்க மூக்கு போயிடப் போவுது."

இறங்கி, ஆரஞ்சுக் கையைத் தட்டி உள்ளே அனுப்பிவிட்டு உள்ளே பார்த்தால், முகப்பில் வாடகைக் கார் தயாராக நின்றது. புதுசு. சத்தமே இல்லாமல் மூச்சு விடுகிற வகை. மருமகன் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். மகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை, அந்த அழுகையில் சிவந்துபோயிருந்தது. மகள் முகத்தில் தூக்கமில்லாத மூன்று நாள் அப்படியே ஒட்டியிருந்தது. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் ஆமையைப் பார்த்தாள்.

"அப்பா, வேணாம்."

"நான் ஒண்ணும் கேக்கலையேம்மா. சும்மா பாக்கத்தான் வந்தேன்."

"ஏரிக்குப் போறவர் வழி தவறி வந்துட்டாராக்கும்" என்றார் மனைவி. "வாயைத் திறந்து கேட்டாத்தான் என்னங்க? அந்தப் பல் டாக்டரையாவது கூட்டிட்டு வந்திருக்கலாம், திறந்து விட்டிருப்பார்."

கேட்க வேண்டியது பாதியில் நின்றது. மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நிற்கிற மாதிரி.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. முதலில் தூரத்தில் தேனீக் கூட்டம் மாதிரி. அப்புறம் வாசலுக்குள். கணக்கு டீச்சரின் சாம்பல் வண்டி நுழைந்தது. அதன் பின்னால் பேக்கரிக்காரரின் வெண்ணெய் நிற வண்டி. நீலம், சிவப்பு, இன்னும், இன்னும். கடைசியாகக் கூரையில்லாத வண்டியில் பல் டாக்டர், தலைமுடி எல்லாம் காற்றில் நட்டுக்கொண்டு. காவல்காரர் ஒவ்வொரு வண்டிக்கும் கை தூக்கினார். எட்டாவது வண்டிக்குக் கையைத் தூக்கியவர், அப்படியே சலாமாக மாற்றிக்கொண்டார்.

டீச்சர் கண்ணாடியை இறக்கினார். "லிஃப்ட்காரரே! கண்ணாடியில பாத்தா நீங்க இல்ல. அஞ்சு நிமிஷம் நின்னேன். திரும்பி வந்தா ரயில் கேட் பக்கத்து டீக்கடைக்காரர் சொல்றார், பச்சை வண்டி ஒண்ணு கையை நீட்டிக்கிட்டே இந்தப் பக்கம் போச்சும்மா, யாரையோ கூப்பிட்டுட்டே போற மாதிரி இருந்துச்சுன்னு. வழியெல்லாம் கேட்டுட்டே வந்தோம். சொல்லிட்டுப் போறதுக்கு என்ன?"

"தப்புதான் டீச்சர். தப்புதான்."

"நாங்க ஒண்ணும் உங்களைத் தேடி வரல" என்றார் பேக்கரிக்காரர். "முட்டை உங்ககிட்டதானே இருக்கு!"

எட்டு எஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு குரல். ஒன்று குறட்டை, ஒன்று முணுமுணுப்பு, ஒன்று தாளம் தப்பின மூச்சு. எல்லாம் சேர்ந்து முகப்புக் கூரைக்கடியில் சுருண்டு, அடிவயிற்றில் கேட்கிற ஒரு ரீங்காரமாக நின்றது. அதில் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. என்ன என்று யாருக்கும் உடனே தெரியவில்லை. மனைவிதான் கண்டுபிடித்தார்.

"ஏய்... குழந்தை அழலடி."

எல்லோரும் பார்த்தார்கள். குழந்தை வாயை லேசாகத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தது.

"மருத்துவமனைங்க இது, ஆஃப் பண்ணுங்க, ஆஃப் பண்ணுங்க" என்று காவல்காரர் ஓடிவந்தார். ஒவ்வொன்றாக அணைத்தார்கள். எட்டாவது அணைந்ததும் ஒரு விநாடி அமைதி. பிறகு குழந்தை வீலென்றது. டீச்சர் பேசாமல் சாவியைத் திருப்பினார். சாம்பல் வண்டி முனகியது. அழுகை நின்றது. காவல்காரர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "சரி, ஒண்ணு மட்டும் ஓடட்டும்" என்றார்.

மருமகன் வாடகைக் காரைப் பார்த்தார். அதன் எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

மகள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். நேராக ஆமையின் பக்கத்தில் வந்து நின்றாள். ஆனால் கதவில் கை வைக்கவில்லை.

"நிக்காதா?" என்று கேட்டாள்.

சங்கத்தில் எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். வண்டியைப் பற்றி இப்படிக் கேட்டால் ஒன்பது பேருக்கும் ஒரே பதில்தான் பழக்கம்: நிக்காது. அப்புறம் நின்றுவிட்டால் கார்புரேட்டரைக் குறை சொல்லலாம், காயிலைக் குறை சொல்லலாம், பெட்ரோலைக் குறை சொல்லலாம், மழையைக் குறை சொல்லலாம். ஓட்டுகிறவரைக் குறை சொல்லி அந்தக் கொட்டகையில் யாரும் கேட்டதில்லை.

"நிக்கலாம்மா" என்றார் லிஃப்ட்காரர். "பழைய வண்டி. நிக்காதுன்னு எப்படிச் சொல்றது? அன்னைக்கு அப்படிச் சொன்னேனே, அதான் தப்பு. மழை வரும்னு எனக்குத் தெரியும். பஸ்ஸும் இருந்துச்சு. உன்னை அந்த ஆபீஸ் வாசல்ல இறக்கி விடறதை நாலு பேர் பாக்கணும்னு எனக்கு ஆசை. உன் இன்டர்வியூவுக்குப் போகல நான், என் பெருமைக்குப் போனேன். வண்டி மேல தப்பில்ல. என் தப்பு. எட்டு வருஷமா உன்கிட்ட இதைச் சொல்ல வாய் வரல."

மகள் கண்ணில் தண்ணீர் வந்து, விழாமல் நின்றது. மூன்று நாள் களைப்பில் அதுவும் விழ யோசித்தது போல.

"இதுக்கு எட்டு வருஷமாப்பா?" என்றாள் கடைசியில்.

"லிஃப்டா இருந்தா ஒண்ணரை மணி நேரத்துல திறந்திருப்பேன்."

அவள் சிரித்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, இரண்டும் மூக்கு வழியாகப் போனது. "நின்னுட்டா?"

"நின்னுட்டா நின்னுடுச்சுன்னு சொல்லுவேன். நீ இறங்கி எந்த வண்டியில வேணும்னாலும் ஏறிக்கோ."

மகள் கதவைத் திறந்தாள். எட்டு வருடமாக யாரும் உட்காராத பின்சீட்டில் உட்கார்ந்து, தோலில் கையால் ஒரு தடவு தடவிவிட்டு, சாய்ந்துகொண்டாள். "மெதுவா" என்றாள்.

"அது ஒண்ணுதான் இதுக்குத் தெரியும்" என்றார் டாக்டர்.

மனைவியும் மருமகனும் பைகளோடு வாடகைக் காரில் முன்னால் போனார்கள். ஆமை முனகிக்கொண்டு நகர்ந்தது. முதல் தெரு முடிவதற்குள் குழந்தை தூங்கிவிட்டது. இரண்டாவது தெருவில் மகளின் தலை சாய்ந்தது. பின்னால் எட்டு வண்டியும் வந்தன. ஹாரன் இல்லை, பேச்சு இல்லை. கடைவீதியில் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம். ஒரு சலூன்காரர் கத்தரியைக் காற்றில் நிறுத்திவிட்டுப் பார்த்தார். முடி வெட்டிக்கொண்டிருந்தவர் துண்டோடு எழுந்து வாசலுக்கு வந்தார். மர நிழல்கள் கண்ணாடியில் ஏறி, கூரையில் நழுவி, பின்சீட்டில் தூங்குகிற இரண்டு முகத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டு இறங்கின. லிஃப்ட்காரருக்குச் சக்கரம் தரையில் உருளுகிற மாதிரியே இல்லை. யாரோ கயிற்றில் கட்டி, வெளிச்சத்துக்குள் மெல்ல மெல்ல இழுக்கிற மாதிரி இருந்தது. கண்ணாடியில் பார்த்தார். பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கவில்லை. கைக்குட்டை முகத்தைத்தான் பார்த்தார். மூக்கு அவர் மூக்குதான். பாவம். எவ்வளவு அழகு!

வீட்டுத் தெரு வந்தது. மனைவி கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் வேகத்தைக் குறைத்தார். எஞ்சின் குரல் இறங்கியது. குழந்தையின் புருவம் சுருங்கியது. உதடு பிதுங்கியது.

"நிறுத்தாதீங்கப்பா" என்றாள் மகள், கண்ணைத் திறக்காமல்.

அவர் நிறுத்தவில்லை. வீட்டைத் தாண்டிப் போனார். எட்டு வண்டியும் தாண்டிப் போயின. மனைவி வாயைத் திறந்தபடி ஒன்பதையும் எண்ணினார்.

பூங்காவைச் சுற்றி, தபால் ஆபீஸைச் சுற்றி, மறுபடியும் அதே தெரு. இந்தத் தடவை மனைவி சாலையில் இறங்கி, ஆமையின் கூடவே நடந்தார். நடக்கிறவர் கூட வரக்கூடிய வேகம்தான் அது.

"என்னங்க இது கூத்து?" என்றார் ரகசியக் குரலில். "தூங்கறாங்களா?"

"ரெண்டு பேரும்."

மனைவி ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். பத்தடி தூரம் பார்த்துக்கொண்டே நடந்தார். மகளின் கை குழந்தையின் முதுகில் இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே மூச்சு.

"அப்ப போங்க" என்றார். "குளிக்க வெந்நீர் போட்டிருக்கேன், ஆறினா ஆறட்டும். இன்னொரு சுத்து போயிட்டு வாங்க."

நின்று, எட்டு வண்டிக்கும் வழி விட்டார். எல்லோரும் போன பிறகு உள்ளே போய், சத்தம் வராமல் இரண்டு கையாலும் பிடித்து, கேட்டைச் சாத்தினார்.